ஆற்றுமேட்டு வெள்ளைத் துணி

அண்டை நாடுகளுக்கு இடையே அமைதி காப்பதில் வட்டார அமைப்புகளின் பங்கு என்ன? பள்ளி இறுதித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. ஒப்பந்தங்களின் பெயர்கள் நினைவில் இருந்தன, ஊர்களின் பெயர்களும் இருந்தன. பங்கு என்னவென்று மட்டும் எழுத வரவில்லை. விடைத்தாளில் அந்த இடம் வெறுமையாகவே போனது.

அன்றைக்கு விட்டதை இப்போது எழுதிப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒப்பந்தம் எதுவும் வராது. ஹிகாரால் ஊரில் துணி துவைத்துப் பிழைத்த எர்மெலிந்தா மென்ஹீவர் என்பவளின் கதை மட்டும்தான் வரும்.

ஹிகாரால் எல்சால்வதோரின் வட எல்லையில், ஆற்றை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோண்டுராஸ். இரண்டு நாட்டுக்கும் நடந்த போர் என்னவோ நாலைந்து நாளில் முடிந்துவிட்டது. சமாதானம் கையெழுத்தாகத்தான் பதினோரு வருஷம் ஆனது. அந்தப் பதினோரு வருஷமும் இந்தப் பக்கக் குன்றில் ஒரு பட்டாளம், அந்தப் பக்கக் குன்றில் ஒரு பட்டாளம். நடுவே ஆறு. ஆற்றங்கரையில் எது அசைந்தாலும் ஏதாவது ஒரு குன்றிலிருந்து குண்டு வரும். மாடு போகும், சோளக் கொல்லை போகும், சில சமயம் ஆளும் போகும்.

இதை நிறுத்துவதற்கு அமெரிக்க நாடுகளின் அமைப்பு ஆட்களை அனுப்பியது. ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்வையாளர்கள் என்றார்கள். ஹிகாராலின் பழைய பள்ளிக்கூடத்தில் நாலு பேர் வந்து தங்கினார்கள். வெள்ளை ஜீப், வெள்ளைக் கொடி, கையில் கட்டிக்கொள்ள வெள்ளைப் பட்டை. அவர்களுக்குத் தலைவர் எக்குவடோர் நாட்டுக்காரர், கேப்டன் லார்ரேயா. சொந்த நாட்டில் அவர் பட்டாளத்துக்காரர்தான். இங்கே துப்பாக்கி கிடையாது.

எர்மெலிந்தாவின் கணவன் சலோமே முதல் நாளே போய் அவரிடம் விசாரித்தான்.

“துப்பாக்கி இல்லாம எதுக்கு சார் வந்தீங்க?”

“பாக்குறதுக்கு.”

“பாத்து?”

“பாத்ததை எழுதுவோம்.”

“எழுதி?”

“மேல இருக்கவங்க படிப்பாங்க.”

சலோமே வீட்டுக்கு வந்து சொன்னான்: “ரெண்டு பட்டாளத்துக்கு நடுவுல நாலு குமாஸ்தாவை உக்கார வெச்சிருக்கான். வெளங்கிரும்.”

ஆனால் கொஞ்சம் விளங்கத்தான் செய்தது. காலையில் கேப்டன் ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுத்துறைக்குப் போவார். நட்ட நடு வெயிலில் அதைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் உட்கார்ந்திருக்கும் வரை இரண்டு குன்றும் வாய் திறக்காது. ஜனங்கள் கொல்லைக்குப் போவார்கள், ஆற்றைக் கடந்து சொந்தக்காரர்களைப் பார்ப்பார்கள். ஒருநாள் எர்மெலிந்தா அந்த வழியாகப் போனபோது அவர் மூக்கு தோலுரிந்து கிடந்ததைப் பார்த்தாள்.

“மரத்தடிக்குத் தள்ளி உக்காரக்கூடாதா கேப்டன்?”

“நிழல்ல உக்காந்தா அவங்களுக்குத் தெரியாதே அம்மா. தெரியலைன்னா நான் எதுக்கு?”

எர்மெலிந்தாதான் அவர்களுக்குத் துணி துவைத்தாள். ஊரிலேயே உயரமான இடத்தில் அவள் வீடு. முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி, அதற்கு அப்பால் கற்றாழை நாரில் முறுக்கிய நீளமான கயிறு. துணியின் முனையை முறுக்குக்குள் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் அவிழாது. படுக்கை விரிப்புகளை முனையோடு முனை சேர்த்து, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவாள். கருப்புச் சோப்பு உருண்டையில் துவைத்து நீலம் போட்டு எடுத்தால் பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும். ஊரில் வேறு யார் வீட்டிலும் வெள்ளை விரிப்பு கிடையாது.

வேலை வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். ஆனால் அவள் மனசெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மகள் நொயேமியை ஹோண்டுராஸ்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள், போருக்கு முன்னால். இரண்டு வருஷத்துக்கு முன் நொயேமிக்கு முதல் பிரசவம். எர்மெலிந்தா பத்தியக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரை போனாள். அன்றைக்கு இரண்டு குன்றும் சுட்டுக்கொண்டிருந்தன. பொழுது சாயும் வரை புதருக்குள் குந்தியிருந்துவிட்டு, கோழியோடு திரும்பி வந்தாள். குழந்தை தங்கவில்லை என்ற செய்தி ஒரு வாரம் கழித்து வந்தது. கோழியை அவள் அடித்துச் சமைக்கவே இல்லை. அது கிழடாகித் தானாகச் செத்தது.

இப்போது நொயேமி மறுபடியும் உண்டாகியிருந்தாள். ‘இந்தத் தடவை எது நடந்தாலும் வருவேன், நாற்பது நாள் பத்தியம் முடியுமட்டும் கூடவே இருப்பேன்’ என்று எர்மெலிந்தா சொல்லியனுப்பியிருந்தாள்.

பார்வையாளர்கள் திடீரென்று கிளம்ப வேண்டி வந்தது. தொலைவில் வேறொரு துறையில் நிலைமை மோசம், இருக்கிற ஆட்கள் கொஞ்சம் பேர்தான். கேப்டன் துணி வாங்க வந்தபோது விரிப்புகள் எல்லாம் கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தன.

“அப்படியே குடுங்கம்மா, போற வழியில காஞ்சிரும்.”

“ஈரத் துணியை மடிச்சுக் குடுக்குற பழக்கம் எனக்கு இல்ல கேப்டன்.”

“சரி, காயட்டும். ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறோம்.”

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு குண்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பக்கத்து வீட்டு ஃபிதேலினாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

“குன்னு மேலேருந்து பள்ளிக்கூடம் தெரியாதுடி. உன் கயிறுதான் தெரியும். வெள்ளைத் துணி தொங்குது, அவங்க இன்னும் இருக்காங்கன்னு நெனச்சுட்டு இருக்கானுக!”

“உளறாத.”

“உளறலா? போன மாசம் அவங்க நாலு பேரும் ரெண்டு நாள் வெளியூர் போனாங்கல்ல, மழைன்னு நீ துணியையும் உள்ள எடுத்துட்ட. அன்னிக்குத்தானே சுட்டான்? என் மாடு அன்னிக்குத்தானே போச்சு?”

எர்மெலிந்தா திரும்பிக் கயிற்றைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஊரே அவள் முற்றத்தில் கூடிவிட்டது. சோளம் முற்றி நிற்கிறது, அறுத்தாக வேண்டும். அவர்கள் வருகிற வரைக்கும் துணி தொங்கட்டும் என்று முடிவானது.

“தொங்கட்டும்னா என்ன அர்த்தம்?” என்றாள் எர்மெலிந்தா. “நாலு நாளும் ஒரே துணி ராத்திரியும் பகலும் தொங்குனா ஆளில்லாத வீடுன்னு குருடனுக்கும் தெரியும். சாயங்காலம் எடுக்கணும், காலைல நனைச்சுப் போடணும். காஞ்ச துணி ஆடுறது வேற, ஈரத் துணி ஆடுறது வேற.”

“அப்போ நனைச்சுப் போடு. உன்ன என்ன மலையைத் தூக்கச் சொல்றோமா?” என்றாள் ஃபிதேலினா.

வெறுமனே நனைத்துப் போட அவளால் முடியவில்லை. கை தானாகச் சோப்பைத் தேடியது. புழுதி படிந்தால் பழுப்பேறும், பழுப்பேறினால் தூரத்துக்குத் தெரியாது. அதனால் தினமும் ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள், துவைத்தாள், நீலம் போட்டாள், பிழிந்தாள், கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, கேப்டன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அழுக்கே இல்லாத துணியைத் துவைப்பதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை. அழுக்கு இருந்தால் அது போவதையாவது பார்க்கலாம். இங்கே காலையில் வெள்ளையாக எடுத்த துணியை மத்தியானம் வெள்ளையாகவே கட்டினாள். விரல் இடுக்குகள் வெடித்தன. ராத்திரி தோசைக்கல்லில் சோள ரொட்டியைப் புரட்டக்கூட விரல் மடங்கவில்லை.

அந்தத் துணியின் தயவில் ஊர் அறுவடை முடித்தது. சிலர் பன்றிக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து விற்றுவிட்டு வந்தார்கள். ஃபிதேலினா அந்தப் பக்கத்து அக்காவின் வீட்டில் இரண்டு நாள் விருந்தாடிவிட்டு வந்தாள். ஆற்றைக் கடக்காத ஒரே ஆள் எர்மெலிந்தாதான்.

பிறகு நொயேமியிடமிருந்து ஆள் வந்தது. கால் வீங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்று இருக்கிறது, அம்மா அம்மா என்கிறாள்.

எர்மெலிந்தா ஈரக் கையோடு ஃபிதேலினாவிடம் ஓடினாள். “நான் போகணும். நீ கொஞ்ச நாளைக்குத் தொவைச்சுப் போடு.”

ஃபிதேலினா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு இடுப்பு சரியில்லையே.”

“அக்கா வீட்டுக்குப் போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

“இங்க பாரு, உள்ளதைச் சொல்றேன். நான் கட்டுறது கோணலாப் போயி, அவன் சந்தேகப்பட்டுச் சுட்டு, எவனாவது செத்தா? அந்தப் பழி எனக்கு எதுக்கு?”

அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. போகாதே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நான் துவைக்கிறேன் என்றும் ஒருத்தியும் சொல்லவில்லை. எர்மெலிந்தா தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். போனால் கயிறு காலி, கயிறு காலியானால் குன்றுகள் சுடும், அவள் கடக்க வேண்டிய ஆற்றுத்துறையிலேயே குண்டு விழும். இருந்தால், மறுபடியும் புதருக்குள் குந்தியிருந்த அதே பொழுதுதான்.

“நான் தொவைக்கிறேன்” என்றான் சலோமே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீயா? போட்டிருக்குற சட்டையை நீயாக் கழட்டி முப்பது வருஷமாச்சு.”

“தண்ணி, சோப்பு, கயிறு. இதுல என்ன மாய மந்திரம்?”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெண்கள் சிரித்தார்கள். “சலோமே, பாவாடை வேணுமா? கடனாத் தர்றேன்!”

“உன் பாவாடைக்குள்ள நம்ம ஊர்ச் சந்தையே கொள்ளும், நீயே வெச்சுக்கோ” என்றான் அவன். ஆனால் காது சிவந்துவிட்டது.

மறுநாள் காலை, தானே துவைத்துக் கட்டிய விரிப்புகளைப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எர்மெலிந்தா ஆற்றில் இறங்கினாள். கக்கத்தில் கோழி. இரண்டு குன்றும் சும்மா இருந்தன.

அன்றிரவே நொயேமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுதது. எர்மெலிந்தா குழந்தையை வாங்கித் துடைத்து, மகளின் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டி, சூப் வைத்துக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கையில் கரண்டி இருந்தது.

மூன்றாம் நாள் நொயேமியின் முற்றத்தில் நின்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தபோதுதான், தன் கயிற்றை முதல்முறையாக எதிர்க்கரையிலிருந்து கண்டாள். பல்வரிசை மாதிரி சின்னதாக, வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் இரண்டு பல் விழுந்திருந்தது. ஒரு விரிப்பு முனையை விட்டு நடுவில் மடித்துப் போடப்பட்டிருந்தது. இன்னொன்று தரையில் இழுபட்டது.

“பாவி மனுஷா” என்றாள் வாய்விட்டு.

“நீங்கதான் அந்தத் துணிக்காரம்மாவா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஹோண்டுராஸ் பட்டாளத்துச் சீருடையில் ஒருவன் நின்றிருந்தான். குன்றின் மேலிருக்கும் சார்ஜென்ட் புஸ்தியோ. துப்பாக்கியை மேலேயே வைத்துவிட்டு ரொட்டி வாங்க இறங்கி வந்திருந்தான். எர்மெலிந்தா ஓரடி பின்னால் நகர்ந்தாள். இந்த மண்ணில் அவள் சால்வதோர்க்காரி, கையில் ஒரு சீட்டும் கிடையாது.

“பயப்படாதீங்கம்மா. ஒண்ணு கேக்கணும். மூணு நாளா துணி சரியில்லையே, யாரு தொவைக்கிறா?”

“எம் புருஷன்” என்றாள், பொய் சொல்லத் தோன்றாமல்.

அவன் இருமல் வரும் வரை சிரித்தான். “அதானே பாத்தேன்! என் பசங்க அந்தம்மா செத்துப்போச்சுன்னே முடிவு கட்டிட்டானுக.”

“பார்வையாளருங்க அங்க…”

“அவங்க போய் ஒரு மாசம் ஆச்சே. வெள்ளை ஜீப்பு போறது எங்க குன்னுலேருந்து தெரியாதா? அந்தப் புழுதி அடுத்த ஊர் வரைக்கும் தெரிஞ்சுச்சு.”

ஒரு மாதமாகச் சுமந்த தண்ணீரையெல்லாம் யாரோ அவள் கண் முன்னால் தரையில் கவிழ்த்த மாதிரி இருந்தது.

“தெரிஞ்சுமா சுடல?”

“எங்க மேஜர் தினமும் ரேடியோவுல கேக்குறார், அவங்க இருக்காங்களான்னு. நான் சொல்றேன், துணி காயுது சார்னு. அது பொய்யா? காயுதுதானே? அவங்க இருக்குற இடத்துல நாங்க சுடக்கூடாதுன்னு உத்தரவு. அதனால நான் சுடல, என்னை யாரும் கோழைங்கவும் முடியாது. உங்க பக்கத்து சார்ஜென்டும் அவன் மேஜர்கிட்ட அதையேதான் சொல்றான். அவன் ரேடியோ எங்களுக்கும் கேக்கும்.”

எர்மெலிந்தாவுக்குக் கோபம் வந்தது. வெடித்த கைகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அழுக்கில்லாத துணியைத் தொவைச்சே தேஞ்சுபோச்சு, பாரு. உங்க ரெண்டு பேருக்கும் சுட மனசில்லைன்னா அதை நேரா சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“யார்கிட்ட சொல்றது? சொன்னா என்னை மாத்திட்டு, சுட மனசுள்ளவனா ஒருத்தனைக் கொண்டாந்து வெப்பாங்க.” அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவனும் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது. “கயிறு காலியா இருந்தா காலின்னுதான் நான் சொல்லணும். நாளன்னிக்கு மேஜரே பைனாகுலரோட குன்னுக்கு வர்றார். நீங்க கட்டுற மாதிரி இழுத்துக் கட்டியிருந்தா நல்லது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.”

ரொட்டியை வாங்கிக்கொண்டு அவன் மேடேறினான். நொயேமி படுத்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நாப்பது நாள் இருப்பேன்னியே.”

“சொன்னேன்தான்.”

“மூணு நாள்தான் ஆகுது. ரெண்டு பட்டாளத்துக்கும் நீதான் அம்மாவா?”

எர்மெலிந்தா அவள் பக்கத்தில் குந்தினாள். மகளின் வயிற்றுக்கட்டை அவிழ்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள். குழந்தையின் உள்ளங்காலை முகர்ந்தாள். நொயேமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படித் திரும்பிய முதுகைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது.

வீட்டில் சலோமே தொட்டிக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். விரல் முட்டிகளில் தோலே இல்லை.

“தினமும் இதையா செஞ்ச?” என்றான்.

“தள்ளு” என்று சொல்லிவிட்டு அவள் குடத்தை எடுத்தாள். சார்ஜென்ட் சொன்னதை அவனிடம் சொன்னாள். ஊரிடம் சொல்லவில்லை. சொன்னால் யாராவது வாய் விடுவார்கள், அந்தப் பேச்சு ரேடியோ வரை போகும். அன்றிலிருந்து அவன் தண்ணீர் சுமந்தான், அவள் துவைத்தாள்.

மேஜர் வந்த அன்று எதிர்க்குன்றில் கண்ணாடி ஒன்று வெயிலில் மின்னியது. வெகு நேரம் மின்னிக்கொண்டே இருந்தது. எர்மெலிந்தா விரிப்பின் முனையைப் பிடித்து, இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் மின்னுவது நின்றது. குண்டுச் சத்தம் கேட்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரம் கழித்துத்தான் வெள்ளை ஜீப் வந்தது. கேப்டன் லார்ரேயா இளைத்துப் போயிருந்தார். எர்மெலிந்தா மடித்து வைத்திருந்த விரிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒன்றை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“என்னம்மா இது, ஆகாசம் தெரியுது?”

“நிறையத் தொவைச்சுட்டேன் கேப்டன்.”

“அவ்வளவு அழுக்காவா குடுத்துட்டுப் போனோம்?”

“இல்ல.”

அவர் அவள் கைகளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், அதற்கு நேர் எதிரே இருந்த குன்றைப் பார்த்தார். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். சலோமே அவருக்கு ஒரு குவளை காப்பி கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் கேப்டன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுத்துறைக்குப் போனார். எர்மெலிந்தா அவருக்குப் பின்னாலேயே இன்னொரு கோழியோடு ஆற்றைக் கடந்தாள். பத்தியத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. நொயேமி கதவைத் திறந்து, கோழியை வாங்கிக்கொண்டு, “வந்துட்டியா” என்று மட்டும் சொன்னாள். குழந்தையை மடியில் வாங்கிய எர்மெலிந்தா அதோடு சேர்ந்து பொழுது சாயும் வரை தூங்கினாள். அன்றைக்கு அவள் எதையும் துவைக்கவில்லை.

இதையெல்லாம் அந்த விடைத்தாளில் எழுதியிருந்தால் மதிப்பெண் விழுந்திருக்குமா என்று தெரியாது. சுட விரும்பாத இரண்டு பேருக்கு, சுடாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கை அமைப்பு கொண்டுவந்தது, பார்வையாளர்கள் இல்லாத நாளில் எர்மெலிந்தா அதைக் கயிற்றில் போட்டு வைத்தாள். இதுவரைக்கும்தான் புரிந்திருக்கிறது.

படித்து முடித்தவர்கள் தயவுசெய்து இதைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டாம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமோ, சோறு பரிமாறும்போது வீட்டில் இருப்பவர்களிடமோ சொல்லுங்கள். ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் விட்டுப்போனால் பரவாயில்லை. அழுக்கில்லாத துணியை ஒருத்தி ஒரு மாதத்துக்கு மேல் துவைத்தாள் என்பதை மட்டும் விடாமல் சொல்லுங்கள்.